இனி விடுப்பு எடுக்கக் கூடாது

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை.

அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டைகளைப் பொங்கல் விடுமுறையில் வீட்டில் வைத்து எழுதினேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். மதிப்பெண்ணைப் போடுவதுகூடச் சுலபம். கடைசியில் 'ஆசிரியர் குறிப்பு' என்று இரண்டு வரி இடம் விட்டிருப்பார்களே, அதுதான் அலுப்பு. 'நன்று', 'கணக்கில் கவனம் தேவை' என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு பெண்பிள்ளையின் அட்டை வந்தது. மாதம் தவறாமல் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டாள். விடுப்புக் கடிதத்தில் 'உடல்நிலை சரியில்லை' என்று மட்டும் இருக்கும். கோயில் கொடைவிழா, கல்யாணம் என்று ஊர் சுற்றுகிறார்கள் என நானாக முடிவுகட்டியிருந்தேன். ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை. 'அடிக்கடி வருவதில்லை. இனி விடுப்பு எடுக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன்.

அட்டை அம்மாவின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. எனக்கோ பெருமை. "கறாரா ரெண்டு வரி எழுதினா எப்படி வேலை செய்யுது பாருங்க" என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்ளவும் செய்தேன். அவள் முகம் நாளுக்கு நாள் வெளுத்து வந்ததையும், விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்துகொண்டதையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

பிப்ரவரி கடைசி. காலை இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் அவள் மாடிப்படி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"மணி அடிச்சது காதுல விழலையா?" என்று அதட்டினேன்.

"எந்திக்க முடியல டீச்சர். மூச்சு வாங்குது."

உதட்டில் ரத்தமே இல்லை. கையைப் பிடித்துத் தூக்கினேன். அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டாள்.

பள்ளி வாசலில் நின்ற ஆட்டோக்கார அண்ணாச்சி ஓடி வந்தார். "பைய தூக்குங்க டீச்சர், தல பத்திரம்" என்று அவரும் ஒரு கை கொடுத்தார். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

டாக்டரம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். கையில் வரிசையாக இருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப ரத்தம் ஏத்துனீங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நான் டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

தகவல் கேட்டு அவள் அம்மா வந்து சேர்ந்தார். பீடி சுற்றுகிறவர். சேலையில் இலைத்துணுக்கு ஒட்டியிருந்தது. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிறவியிலேயே உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோயாம். மாதாமாதம் பாளையங்கோட்டையில் ஒரு நாள் பரிசோதனை, மறுநாள் ரத்தம். அந்த இரண்டு நாட்கள்தான் என் வருகைப்பதிவேட்டில் விழுந்த ஓட்டைகள்.

"பிறகு ஏம்மா போகாம இருந்தீங்க?" என்றார் டாக்டர்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "லீவு எடுக்கக் கூடாதுன்னு டீச்சர் எழுதி விட்டிருந்தாவ. பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பிருவாவளோன்னு பயந்துட்டேன். சனிக்கிழம கூட்டிட்டுப் போனேன், அன்னைக்கு ரத்தம் ஏத்துறது கெடையாதுன்னுட்டாவ. முழுப்பரீட்ச லீவுல ஏத்திக்கிடலாம்னு இருந்தேன்."

"அது வரைக்கும் பிள்ளை இருக்காதும்மா."

டாக்டர் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். நான் சுவரோடு சேர்ந்து நின்றுவிட்டேன். யாரோ உட்காரச் சொன்னார்கள், உட்காரத் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸில் நானும் பாளையங்கோட்டைக்குப் போனேன். இதயம் களைத்துப் போயிருப்பதால் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும் என்றார்கள். சாயங்காலம்தான் அவள் உதட்டில் லேசாக நிறம் வந்தது. கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் பதறினாள்.

"டீச்சர், இன்னைக்கு எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாவளா?"

அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க என்ன செய்விய டீச்சர். பொட்டப்பிள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவான்னு நாந்தான் மறச்சு வச்சேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மாதம் இரண்டு நாள் வராமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நானும் அட்டைகள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்; பிள்ளை வராத நாட்களைப் பற்றி எழுதும் முன் வீட்டுக்கு ஒரு போன் செய்து பேசிவிடுகிறேன். நான் எழுதுவதை ஒரு குடும்பம் அப்படியே நம்பி நடக்கும் என்பது அன்று வரை எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்த பிறகு, ஒரு பிள்ளையைப் பற்றி யோசிக்காமல் ஒரு வரி எழுத எனக்குத் துணிவு வந்ததில்லை.