லாரி சப்ஜெக்ட்

“மேடம், என் பொண்ணு லாரி சப்ஜெக்ட்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. இது நீங்க சொல்லிக் குடுத்ததா?”

முருகையன் எங்கள் டிபார்ட்மெண்ட் அறைக்குள் வந்து நின்றபடியே இதைக் கேட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போடுகிறவர். அவருக்குப் பின்னால் அவருடைய மூத்த மகள் அபிநயா நின்றிருந்தாள். பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறவள். தலையைக் குனியவும் இல்லை, அழவும் இல்லை.

தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. துறையில் வேலை பார்க்கிறேன். சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்கள் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் எலெக்டிவ் பாட விஷயத்தில் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்பதால், நடந்த ஒன்றை எழுதிவைக்கிறேன்.

பி.பி.ஏ.வில் முதல் இரண்டு வருடம் எல்லாருக்கும் ஒரே பேப்பர்கள். மூன்றாம் வருடம்தான் பிரிவு வரும். ஹெச்.ஆர்., மார்க்கெட்டிங், சரக்கை ஏற்றி அனுப்புவதும் சேமித்து வைப்பதும் பற்றிய லாஜிஸ்டிக்ஸ், எக்ஸ்போர்ட் என்று பல்கலைக்கழகம் நான்கு எலெக்டிவ்களைக் கொடுத்திருந்தது. எங்கள் கல்லூரியில் வருடா வருடம் ஓடியது ஹெச்.ஆர். ஒன்றுதான். அதை நடத்த நான் இருந்தேன். பாஸ் பர்சன்டேஜ் நன்றாக வந்தது. “கணக்கு கிடையாது மேம், பக்கத்தை நிரப்பினா பாஸ்” என்று மாணவர்களும் சந்தோஷமாக இருந்தார்கள். விருப்பத்தைக் கேட்பது வெறும் சடங்கு. அந்த வருடம் அபிநயா, லாஜிஸ்டிக்ஸ்தான் வேண்டும் என்று உண்மையாகவே தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டாள்.

“உக்காருங்க, பேசலாம்” என்றேன்.

முருகையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “எங்க அப்பா பண்ணையில மூட்டை தூக்குனாரு. நானும் தூக்கியிருக்கேன். இதோ, முதுகு இன்னும் வலிக்குது. சென்னையில இருக்குற என் மச்சான் சொல்றாரு, ஹெச்.ஆர். படிச்சா ஏசி ரூம்ல உக்காந்து ஆள் எடுக்கலாமாம். இது என்னடான்னா லாரி, குடோன், மூட்டைங்குது. இதுக்கா மேடம் காலேஜுக்கு அனுப்புனேன்?”

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அபிநயா முன்னால் வந்து பேசினாள்.

“நான் மூட்டை தூக்கப் போறதில்லப்பா. எந்த மூட்டை எங்க போவணும்னு சொல்லப் போறேன். போன அறுவடையில நம்ம நெல்லு களத்துலயே கெடந்து நனைஞ்சுச்சே, நெல்லு மேல என்னப்பா தப்பு? லாரி வரல. ஏன் வரலன்னு யாருக்கும் தெரியல. எனக்குத் தெரியணும்.”

அவர் எழுந்து, “சரி, படி. ஆனா ஒரு பேப்பர்ல அரியர் விழுந்தாலும் மாப்பிள்ளை பாத்துருவேன். அப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்த தடை பிரின்ஸிபால்.

“யாரு மேடம் கிளாஸ் எடுக்கறது?”

“நான் எடுக்கறேன் சார்.”

“நீங்க ஹெச்.ஆர். ஆளாச்சே. இதுல கணக்கெல்லாம் வருமே?”

“லீவுல படிச்சுக்கறேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பதினஞ்சு பேர் சேர்ந்தா நடத்துங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் எல்லாரும் ஹெச்.ஆர்.தான்.”

அபிநயா ஆள் சேர்க்கக் கிளம்பினாள். முதலில் சேர்ந்தவள் கூத்தாநல்லூரிலிருந்து வரும் ஹசீனா. “எங்க அண்ணன் துபாய்ல குடோன்லதான் இருக்கு. அங்க இந்தப் படிப்புக்குத்தான் மரியாதைன்னு சொல்லும்” என்று அவள் தன் பஸ்ஸில் வரும் பெண்கள் எல்லாரிடமும் சொன்னாள். பையன்கள்தான் அசையவில்லை. கணக்கு என்றாலே ஓடினார்கள்.

ஒரு மதிய இடைவேளையில் அபிநயா வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் வராந்தாவில் நின்று கேட்டேன்.

“ஹாஸ்டல் மெஸ்ல இட்லி மாவு பத்தாமப் போனா என்னடா பண்ணுவீங்க?”

“சண்டை போடுவோம்.”

“நிறைய ஆட்டிப் புளிச்சுப் போனா?”

“அப்பவும் சண்டைதான்.”

“எவ்வளவு ஆட்டணும், எப்ப அரிசி ஊறப்போடணும்னு மாஸ்டர் தினம் முடிவு பண்றாருல்ல, அதுதான்டா இந்த பேப்பர்ல பாதி. ஃபார்முலா மட்டும்தான் புதுசு.”

சிரிப்பு எழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஆள் சேர்ந்துவிட்டது. ஆனால் கடைசி நாளில், சீனியர் ஒருவன் பயமுறுத்தியதில் மூன்று பையன்கள் பின்வாங்கினார்கள். அபிநயா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் இரண்டு பேரைத் திருப்பிக் கூட்டிவந்தாள். மூன்றாமவன் வரவேயில்லை. அவன் இடத்துக்கு ஹசீனா வேறொரு பெண்ணைப் பிடித்து வந்தாள். சரியாகப் பதினைந்து பேர்.

அந்த மே மாதம் முழுக்க நான் மாணவியாக இருந்தேன். திருச்சியில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் நடத்தும் ஒரு தோழி வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய், சரக்கை எங்கிருந்து எங்கே அனுப்பினால் செலவு குறையும் என்று பார்க்கும் டிரான்ஸ்போர்ட்டேஷன் பிராப்ளத்தை ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் கணக்குப் போடுவது முழங்கால் வலியோடு படி ஏறுகிற மாதிரி இருந்தது. வகுப்பில் ஒரு கணக்கு முடியாமல் நின்றால், “நாளைக்கு முடிக்கலாம்” என்று சொல்லிவிட்டு மறுநாள் முடித்துக் காட்டுவேன். பிள்ளைகள் அதற்காக என்னைக் குறைவாக நினைக்கவில்லை.

கடைசி செமஸ்டரில் பிராஜெக்ட். அபிநயாவும் ஹசீனாவும் ஒரு அரிசி ஆலையில் அதைச் செய்ய அனுமதி கேட்டார்கள். நானும் கூடப் போனேன்.

“யார்டுல பொம்பளப் புள்ளைங்களுக்கு என்ன வேலை? ஆபீஸ்ல உக்காந்து ஏதாவது எழுதிட்டுப் போங்கம்மா” என்றார் முதலாளி.

“லாரி யார்டுலதானே சார் நிக்குது” என்றாள் அபிநயா.

அவர் சிரித்துவிட்டு அனுமதித்தார். தலையிலும் முகத்திலும் உமித் தூசி படிய இரண்டு பேரும் எடை மேடைப் பக்கம் நின்று பார்த்தார்கள், டிரைவர்களிடம் பேசினார்கள். யாருக்கு எப்போது முறை வரும் என்று தெரியாததால் எல்லா லாரிகளும் விடிந்ததும் வந்து வரிசையில் நின்றுவிடுகின்றன, அதனால்தான் நெரிசல் என்று கண்டுபிடித்தார்கள். முதல் நாளே போனில் நேரம் சொல்லிவிடலாம் என்று யோசனை கொடுத்தார்கள். முதலாளி தன் சொந்த லாரிகளுக்கு மட்டும் அப்படிச் செய்து பார்த்தார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பருவம் தப்பி ஒரு மழை பெய்தது, எல்லாம் கலைந்து பழையபடி வரிசை நின்றது. ஹசீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அபிநயா மழை வந்ததையும் திட்டம் கலைந்ததையும் ரிப்போர்ட்டில் அப்படியே எழுதினாள்.

ரிசல்ட் வந்தபோது அந்தப் பதினைந்தில் இரண்டு பையன்களுக்கு அரியர். “ஹெச்.ஆர்.ல இப்படி ஆனதில்லையே மேடம்” என்றார் பிரின்ஸிபால். “ரெண்டு பேருக்கும் நானே கோச்சிங் எடுக்கறேன் சார்” என்றேன். எடுத்தேன், அடுத்த முறை பாஸ் செய்தார்கள். அபிநயா எல்லாப் பேப்பரிலும் தேறியிருந்தாள், பெரிய மார்க் இல்லை.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் உள்ள ஒரு தானியக் குடோனில், சரக்கை லாரிகளில் அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் வேலைக்கு அவள் நேர்காணலுக்குப் போனாள். பிராஜெக்ட்டில் எது தோற்றது என்றுதான் அங்கே அதிகம் கேட்டார்களாம். அரை மணி நேரம் மழையைப் பற்றியே பேசினேன் மேம் என்றாள். வேலை கிடைத்தது.

முருகையன் போன் செய்தார். “மேடம், சின்னவ அடுத்த வருஷம் உங்க காலேஜுக்குத்தான் வருது. அதுக்குக் கணக்கே வராது. ஆனா அது எத எடுக்கறேங்குதோ அதையே குடுங்க. நான் வந்து சண்டை போட மாட்டேன்.”

மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எது சுலபம், சிநேகிதர்கள் எதில் சேர்கிறார்கள் என்று பார்த்து எலெக்டிவ் எடுக்காதீர்கள். எதில் தோற்றாலும் மறுபடி உட்கார்ந்து படிக்க மனம் வருமோ அதை எடுங்கள். ஆசிரியர்களுக்குச் சொல்வது வேறு. பிள்ளை ஒரு பேப்பரைக் கேட்டால், ஸ்டாஃப் இல்லை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்த ஸ்டாஃப் நீங்களாக இருக்கலாம்.

இப்போது எங்கள் கல்லூரியில் மூன்று எலெக்டிவ்கள் ஓடுகின்றன. எக்ஸ்போர்ட் பேப்பரை ஐந்தாறு பேர் கேட்கிறார்கள், எடுக்க ஆள் இல்லை. நான் ஓய்வு பெற்றுப் போகிறேன். நீங்கள் இருக்கிறீர்கள்.