பிலேந்திரண்ணையோடு ஏரியைச் சுற்றி

பிலேந்திரண்ணை காலமான செய்தி வந்தபோது நான் அவரைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

இதைவிட மரியாதையாகத் தொடங்கத்தான் ஆசை. ஆனால் அன்று மண்டபத்தில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள். தென் லண்டனில் ஒரு பிறந்தநாள் விழா. "ரவுண்டபவுட் அண்ணையை ஒருக்கால் செய்து காட்டுங்கோ" என்று யாரோ கேட்டார்கள். எனக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டுமா? குடையை ஊன்றுதடியாக்கி, கழுத்தை நீட்டி, இல்லாத மரங்களை அண்ணாந்து பார்த்தபடி கேக் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவி கைத்தொலைபேசியோடு வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நிப்பாட்டுங்கோ. பிலேந்திரண்ணை போயிட்டாராம். மாரடைப்பாம்."

குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். பிலேந்திரண்ணை மன்னார்க்காரர். போர்க்காலத்தில் புறப்பட்டு, எத்தனையோ எல்லைகளில் மறிபட்டு, கடைசியில் பிரான்சில் போய் ஒதுங்கியவர். அங்கே காட்டுப்புறத்தில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் பல வருடங்கள் கோப்பை கழுவினார். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை சும்மா இருக்கும் நேரம். பஸ் கிடையாது, தமிழ் பேச ஆள் கிடையாது. ஆகவே நடக்கத் தொடங்கினார். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததும், எங்களில் பலரைப் போலவே, பிள்ளைகளின் இங்கிலீசுக்காக லண்டனுக்கு மாறி வந்து, தெற்கே மிச்சம் என்ற ஊரில் வீடெடுத்து, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஞாயிறு பூசைக்கு நாங்கள் காரில் வர, அவர் மட்டும் நடந்து வருவார். அவருடைய கார் பழுதாயிருக்கும் என்று நினைத்து, ஒருநாள் மழையில் நிறுத்தி ஏறச் சொன்னேன்.

"இல்லைத் தம்பி, நான் நடக்கத்தான் வெளிக்கிட்டனான்" என்றார்.

பூசைக்கு வருகிறவர் சொல்லும் பதிலா இது? அந்த வசனத்தை அன்றே நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்தேன். அவரை வைத்துப் பகிடி பண்ணும் என் தொழில் அப்போதே தொடங்கிவிட்டது.

அடுத்த கோடையில் எங்கள் கோயில் பங்குச் சனம் கோச் பஸ் பிடித்து பிரான்சிலுள்ள லூர்து மாதாவிடம் போனது. திரும்பும் வழியில் அவருடைய பழைய ஏரி வந்தது. "ஒரு பின்னேரம் எனக்குத் தாங்கோ. நான் நடந்த இடத்தைக் காட்டுறன்" என்று கேட்டார். அவர் எவரிடமும் எதையும் கேட்டு நாங்கள் கண்டதில்லை. சம்மதித்தோம்.

ஆனால் நாங்கள் யாத்திரிகர்கள். யாத்திரை போன சனத்தை ஒருவர் காட்டுக்குள் கூட்டிப்போனால், முடிவில் ஒரு மாதா இருக்கத்தானே வேண்டும்? அவர் அப்படிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெண்கள் மெழுகுதிரி எடுத்துக்கொண்டார்கள். பாதை காட்டுவதற்காக மரங்களில் மஞ்சள் கோடு பூசியிருந்தது. முன்னால் போன ஓர் அம்மா அதைத் தொட்டுச் சிலுவை போட்டார். பின்னால் போன நாங்கள் எல்லோரும் தொட்டுச் சிலுவை போட்டோம். செபமாலை ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது. நான் கோயில் சப்பாத்தோடு, புட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு, ஒரு வேர் விடாமல் தடக்கிக்கொண்டிருந்தேன்.

ஓரிடத்தில் காடு விலகி ஏரி தெரிந்தது. அசையாத தண்ணீர். அக்கரையில் ஓக் மரங்கள் தலைகீழாக நின்றன. அண்ணை நின்றார். நான்தான் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, வந்த வழி முழுக்க எங்கை போறாய், எங்கை போறாய் எண்டு கேட்டே என்னைக் களைக்கப் பண்ணிப்போட்டாங்கள். எயார்போட்டில கேட்டான், போடரில கேட்டான், பொலிஸ் கேட்டான். இஞ்சைதான் ஒருத்தரும் கேட்கேல்லை."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது.

"அது சரி அண்ணை, இப்ப நாங்கள் எங்கை போறம்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். "வாரும், நடப்பம்" என்றார்.

நடந்து நடந்து, மரங்களை விட்டு வெளியே வந்தால், முன்னால் எங்கள் கோச் நிற்கிறது! புறப்பட்ட அதே இடம். சாரதி கதவோரம் நித்திரை.

"மாதா எங்கை?" என்று மெழுகுதிரியோடு ஓர் அம்மா கேட்டார்.

பிலேந்திரண்ணை அந்த மெழுகுதிரியைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. "தேத்தண்ணி குடிப்பம்" என்று மட்டும் சொன்னார்.

கப்பல் இங்கிலாந்துக் கரைக்கு, டோவருக்கு, வந்து சேருமுன்னே என் பகிடி தயாராகிவிட்டது. 'பின்னேரம் முழுக்கக் காட்டுக்குள் வழிதவறி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்ட மனுசன்.' வாகனங்கள் சுற்றிவரும் வீதி வட்டத்தின் பெயரில், ரவுண்டபவுட் என்ற பட்டம் நான் சூட்டியது. ஒன்றுகூடல்களில் சொன்னேன், கலியாண வீடுகளில் சொன்னேன், ஒலிவாங்கி கிடைத்த இடமெல்லாம் சொன்னேன். சின்னப் பிள்ளைகள்கூட அவரை ரவுண்டபவுட் அங்கிள் என்றார்கள். அவர் முன்வரிசையிலிருந்து சிரிப்பார். "ஓம் ஓம், சொல்லும் தம்பி" என்பார். அதன் பிறகு அவர் யாரையும் நடக்கக் கூப்பிட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஒரு மனிதர் தன்னிடமிருந்த ஒரே வடிவான பொருளை எங்களுக்குக் காட்டினார்; அதை இனி அவர் எடுக்கவே முடியாதபடி செய்தவன் நான் என்று, அவர் போன பிறகே உறைத்தது.

செத்தவீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரீற்றா அக்கா என் கையில் தேநீரைத் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் ஏதோ மன்னிப்புப் போல முணுமுணுத்தேன்.

"அவர் வழி தவறேல்லைத் தம்பி. அது ஏரியைச் சுத்தி வாற பாதை. துவங்கின இடத்திலதான் முடியும். வெள்ளையள் அப்பிடித்தான் நடக்கிறவை."

"அப்ப ஏனக்கா எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்கட பகிடி பழுதாப்போயிடும் எண்டவர்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அடக்கம் நடந்த அன்று தூறல். மண் போடும் முறை வந்தபோது ஒரு பிடி எடுத்துப் போட்டேன். மனதுக்குள் சொன்னேன்: 'போய்வாருங்கள் அண்ணை. எங்கே போகிறீர்கள் என்று இந்த முறை கேட்க மாட்டேன்.' அழுகை வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்ததால்தான் கண்டேன். குழியைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் கறுப்புக் கோட்டுக்குக் கீழே, காட்டுப் பாதையில் நடக்கப் போடும் தடித்த சப்பாத்து, நன்றாய் நடந்து தேய்ந்தது, போட்டிருந்தார்கள். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், பலசரக்குக் கடை வைத்திருக்கும் குணம் என்பவனும் அப்படித்தான் நின்றான்.

"என்ன குணம், உதென்ன சப்பாத்து?"

அவன் அங்குமிங்கும் பார்த்தான். "அண்ணையின்ரை நினைவுக்குப் போட்டனாங்கள். எல்லாக் கோடைக்கும் அண்ணையோடை வாகனம் பிடிச்சு அந்த ஏரிக்கு நடக்கப் போறனாங்களெல்லே."

"ஆர், எல்லாருமோ? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"பிலேந்திரண்ணைதான் சொல்லவேண்டாம் எண்டவர். சொன்னால் வருவீங்களாம்."