முதல் ஐந்து வயர்களும் பாம்பனின் ஆறாவது படகும்

ராமேஸ்வரத்துக்குப் பாவம் தொலைக்கப் போகிறவர்களுக்கான பயணக் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். செய்த பாவத்தைத் தேடிக்கொண்டு அதே சாலையில் போகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் குறைக்காக இது. என்னைப் போலக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு சிறு தொழிற்கூடங்களுக்குப் போய்வருகிறவர்களுக்குப் பயன்படலாம். தீர்த்தமாடப் போகிறவர்களும் படிக்கலாம், பஸ் ஒன்றுதான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மாலை ஜலால் பாய் போன் செய்திருந்தார். துபாயில் கேபிள் கம்பெனியில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்து, ராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கை போகும் சாலையில் எட்டாவது கிலோமீட்டரில் வயர் செட் தயாரிக்கும் கூடம் நடத்துகிறார். அவருடைய நான்கு கிரிம்பிங் இயந்திரங்களுக்கும் விசைமானி பொருத்திக் கொடுத்தது நான். பாம்பனில் படகுச் சாமான் விற்கும் கடையில், அவர் அனுப்பிய வயரை ஒருவர் இழுத்துப் பார்த்தபோது வயர் தனியாகவும் முனையிலிருந்த உலோக இணைப்பான டெர்மினல் தனியாகவும் வந்துவிட்டதாம். மிச்சத்தை விற்க வேண்டாம் என்று பாய் கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். ஒரு வயர்தானே என்று நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்ல எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10 பஸ். டிக்கெட் 110 ரூபாய், தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவு கிலோமீட்டர். இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், பரமக்குடி வரை வெயில் முகத்தை விட்டு விலகாது. பரமக்குடியில் பத்து நிமிடம் நிற்கும். அங்கே கிடைக்கும் டீ சூடாக இருக்கும். அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும். ராமநாதபுரத்தில் இறங்கும்போது 8.50. அங்கிருந்து ஆட்டோ 180 ரூபாய்.

கிரிம்பிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வயர் முனையில் உறையைச் சீவி, உள்ளேயிருக்கும் செம்பு இழைகளை டெர்மினலின் காதுக்குள் வைத்தால், இயந்திரம் ஒரே அமுக்காக அமுக்கிவிடும். பற்றவைப்பு கிடையாது, திருகாணி கிடையாது, அந்த ஒரு அமுக்குதான் எல்லாம். ஒவ்வொரு அமுக்கிலும் எவ்வளவு விசை ஏறியது என்று விசைமானி பார்க்கும். இழை குறைந்தால் விசையும் குறையும். வித்தியாசம் எல்லையைத் தாண்டினால் பஸ்ஸர் அலறும். ஆனால் சரியான விசை எது என்று அதற்குப் பிறவி ஞானம் கிடையாது. காலையில் நாம் கொடுக்கும் முதல் ஐந்து வயர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். நாம் எதைக் கொடுக்கிறோமோ அதுதான் அன்றைய வேதம்.

கூடத்துக்குள் போனதும் முதலில் என்னைத் தொந்தரவு செய்தது அமைதி. நான்கு பஸ்ஸர்களின் துளையிலும் மருந்துக்கடைப் பஞ்சு நேர்த்தியாக அடைக்கப்பட்டிருந்தது. நான் எல்லையை ஆறு சதவீதத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். நான்கு திரையிலும் முப்பது.

காலை முதல் ஐந்து வயர்களையும் எல்லா இயந்திரங்களிலும் அமுக்குவது செல்வராணி. சிக்கல் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குக் கைராசி என்பது கூடத்தின் தீர்மானம். அவர் தொடங்கிவைத்த நாளில் இயந்திரத்தின் அச்சு உடைவதில்லையாம். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, யாராவது ஒருவர் அமுக்கித்தானே ஆகவேண்டும். ஆனால் அந்த ஐந்தும் சோதனைக்கு அறுத்துவிட்டுக் குப்பைக்குப் போகிறவை. குப்பைக்குப் போவதற்கு எதற்கு நல்ல வயர் என்று, மூன்று வாரமாக, மூலையில் கிடந்த மெல்லிய வயர்த் துண்டுகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மெல்லிய வயரைப் பார்த்துப் படித்த விசைமானிக்கு, பிறகு வந்த தடித்த நல்ல வயரெல்லாம் குற்றவாளியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அலறியது. எல்லையை ஏற்றினார்கள். ஏற்றிய பிறகும் இடையிடையே முனகியதற்குப் பஞ்சு. இதற்கிடையே உறை சீவும் பிளேடு மழுங்கி, சில வயர்களில் செம்பு இழைகளையும் சேர்த்து வெட்டியிருக்கிறது. இழை குறைந்த அந்த வயர்கள்தான் விசைமானியின் கண்ணுக்கு உத்தமமாகத் தெரிந்தன, அது படித்த மெல்லிய வயருக்கு அவைதானே நெருக்கம்.

எல்லையைக் கூட்டச் சொன்னது யார் என்று நான் பாயிடம் கேட்கவில்லை. மூன்று வாரம் முன்பு அக்கா மகள் கல்யாணத்தில், பந்தியில் நான் இருந்தபோது அவர் போன் செய்தார். எல்லாத்துக்கும் கத்துது தம்பி என்றார். கொஞ்சம் கூட்டிக்கங்க பாய், வந்து பாக்குறேன் என்றேன். அவர் கொஞ்சம் கூட்டினார். நான் போகவில்லை. இதை அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை, அதுதான் சிரமமாக இருக்கிறது.

அலமாரியில் மிச்சமிருந்த பத்து வயர்களை இழுவைச் சோதனையில் மாட்டினேன். தாங்க வேண்டிய எடையில் பாதிகூட வருவதற்குள் நான்கு கழன்றுவிட்டன. பாய் கடைக்காரருக்குப் போன் போட்டார். இருபது செட் அனுப்பியதில் ஆறு விற்றிருந்தது. ஆறும் பாம்பன் நாட்டுப்படகுகளுக்கு, படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் மோட்டாருக்கு. எந்தப் படகு கரையில் இருக்கிறது, எது கடலில் என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வேனில் ஏறும்போது செல்வராணியும் கையால் அமுக்கும் கிரிம்பிங் டூலையும் டெர்மினல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். திரும்ப நேரமாகும், சிக்கல் பஸ் போய்விடும் என்றார் பாய்.

"மொத அஞ்சும் நான் அமுக்குனது பாய். நானும் வாரேன்."

10.40க்குக் கிளம்பினோம். பாம்பன் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், சாதாரணமாக ஒரு மணி நேரம். வழியில் மண்டபம். பிறகு பாலம். இந்தப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக்கூடாது. நிறுத்தக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே எல்லோரும் நிறுத்திப் பார்க்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் காரைவிட்டு இறங்கிக் கடலைப் பின்னால் வைத்து நின்றது. காற்றில் துப்பட்டா சரியாகப் பறக்கவில்லை என்று மறுபடி படம் எடுத்தார்கள். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வேனையே ஆட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டாவுக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று புரியவில்லை. பதினெட்டு நிமிடம் நின்றோம்.

அங்கே நிற்கும்போதுதான் கடைக்காரர் கூப்பிட்டார். காற்றுக்குப் பயந்து ஐந்து படகுகள் போகவில்லை, கரையில் கிடக்கின்றன. ஆறாவது சேசுராஜ் படகு. காலை ஐந்து மணிக்கே வடகடலுக்குப் போய்விட்டது. போனில் கிடைக்கவில்லை.

பாய் போனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். செல்வராணி டப்பாவைத் திறந்து டெர்மினல்களை எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

பாம்பன் வடக்குக் கரையில் ஐந்து படகுகளையும் முடிக்க மதியம் 2.15 ஆகிவிட்டது. பழைய முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, செல்வராணி இழை இழையாகப் பார்த்துப் புதிதாக அமுக்க, நான் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். ஐந்து செட்டில் இரண்டில் பழைய முனை, வெட்டுவதற்கு முன்பே என் விரலோடு வந்தது. நடுவில் பாய் பள்ளிவாசலுக்கு மதியத்து லுஹர் தொழப் போய், வழக்கத்தைவிட அதிக நேரம் கழித்துத் திரும்பினார்.

இரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டிய ஆள் சேசுராஜ். இரண்டரைக்கு அவர் மனைவி கரைக்கு வந்தார். கடைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், அதனால் யார் என்று எங்களை விசாரிக்கவில்லை. படகு பழசு, அடிப்பலகையில் கசிவு உண்டு, அரைமணிக்கு ஒருதரம் இறைக்காவிட்டால் தாங்காது என்று செல்வராணியிடம் மட்டும் சொன்னார். அதற்காகத்தான் கடனைப் பார்க்காமல் மோட்டாரும் புது வயரும் வாங்கியது. கூடப் போயிருப்பது சேசுராஜின் தம்பியும் மருமகனும். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி:

"ஒங்க வீட்டுல இந்த வயரை மாட்டுவீகளா?"

நான் கடலைப் பார்த்தேன். இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதும் எல்லோரும் கடலின் நிறத்தை வர்ணிக்கிறார்கள். அன்றைக்கு அதில் படகு இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர எதையும் நான் கவனிக்கவில்லை. மூன்று மணி. மூன்றரை. இன்னொரு படகை எடுத்துக்கொண்டு தேடப் போகலாமா என்று நான்கு பேர் பேச ஆரம்பித்திருந்தார்கள். காற்று குறைவதாக இல்லை.

4.20க்கு ஒரு படகு தெரிந்தது. மெல்ல மெல்ல வந்தது. கிட்டே வந்தபோதுதான், அது எவ்வளவு தாழ்வாக மிதக்கிறது என்பதும், உள்ளே இரண்டு பேர் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருப்பதும் தெரிந்தது. பிளாஸ்டிக் கேனைப் பாதியாக அறுத்து அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கரைதொட்ட பிறகும் மருமகன் நிறுத்தவில்லை, மணலில் நின்றபடியே இரண்டு முறை தண்ணீர் அள்ளுவதுபோலக் கையை ஆட்டினான்.

சேசுராஜ் அறுபதை நெருங்கும் ஆள். மூன்று பேர் உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. பாய் முன்னால் போய்த் தான் யார் என்று சொன்னார். சேசுராஜ் கழன்ற டெர்மினலை இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார்.

"பதினோரு மணிக்கு மோட்டார் நின்னுருச்சு. சொருகுனா ஓடும், ஒரு ஆட்டத்துல கழண்டுரும். மீனையும் வலையையும் கடல்ல தள்ளிட்டு எறைச்சுக்கிட்டே வாரோம்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அளந்து பாக்குற மிஷின் வச்சிருக்கீகன்னுதானே கடையில சொன்னாக. அது கத்தலையா?"

"கத்துச்சுண்ணே," என்றார் செல்வராணி. "நாங்கதான் பஞ்சு வச்சு அடைச்சோம்."

அடைக்கச் சொன்னது தான் என்றார் பாய். எல்லையைக் கூட்டச் சொன்னது நான் என்று நானும் சொன்னேன். சொன்ன பிறகு, இதைச் சொல்ல 155 கிலோமீட்டர் வரவேண்டியிருந்தது என்று தோன்றியது. சேசுராஜ் எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"நல்லது. ஆளுக்கு ஒண்ணாச் செஞ்சு, ஒத்துமையா வந்திருக்கீக."

அவர் தம்பி சிரித்துவிட்டார். அவர் மனைவி சிரிக்கவில்லை. போன வலைக்கும் மீனுக்கும் தான் பொறுப்பு என்றார் பாய். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் வயரை மாட்டுங்கள் என்றார் சேசுராஜ். செல்வராணி அமுக்கினார். நான் இழுத்துப் பார்க்கக் கையை நீட்டியபோது சேசுராஜ் என்னைத் தள்ளிவிட்டு, தோல் உரிந்த கையில் துண்டைச் சுற்றி, அதன்மேல் வயரைச் சுற்றி, படகின் விளிம்பில் காலை ஊன்றி முழு உடம்பாலும் இழுத்தார். நின்றது. இன்னும் மூன்று முறை இழுத்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

அன்றிரவு ராமநாதபுரம் பஸ் நிலையம் அருகே தங்கினேன், அறை 900 ரூபாய், மின்விசிறி நன்றாகச் சுற்றும். செல்வராணியைப் பாய் வேனிலேயே சிக்கல் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை நான்கு இயந்திரங்களிலும் அதே கைராசிக் கை, ஆனால் அன்று ஓடப்போகும் அதே நல்ல வயர். ஐந்தையும் இழுத்துப் பார்த்த பிறகே விசைமானிக்குக் கற்றுக்கொடுத்தோம். பிளேடு மாற்றினோம். எல்லை ஆறு. பஞ்சு இல்லை. 11.20க்கு மூன்றாவது இயந்திரம் அலறியது. முகம் சுளித்தவர் ஒருவருமில்லை. செல்வராணி எழுந்துபோய் அந்த வயரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இழைகளை எண்ணினார். நான்கு குறைவு. அதை அறுத்துச் சிவப்பு டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

போகிறவர்களுக்கு: பாலத்துக்கு அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். கச்சான் காலத்தில் தொப்பி வேண்டாம், கடலுக்குத்தான் போகும். இழுவைச் சோதனைக் கருவியைக் கைப்பையிலேயே வையுங்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு மதியம் 2.15 பஸ் காலியாக இருக்கும். குப்பைக்குப் போகிற ஐந்து வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பல ஊர்களிலிருந்து எனக்கு இன்னும் போன் வருகிறது. பஸ்ஸர் கத்துகிறது, கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாமா என்கிறார்கள். அவர்கள் எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நான் அந்த ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுகிறேன்.