செலினுக்கு சைக்கிள் சலிக்கவில்லை: கன்னிவாடிப் பாதையும் ஒரு திருத்தமும்

ஜனவரியில் இந்தத் தளத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். திண்டுக்கல்லில் நான் வளர்ந்த கதை. கோடை விடுமுறையில் நாலு பேர் சைக்கிளில் கன்னிவாடி வரை போய், பம்புசெட் தொட்டியில் குதித்துவிட்டுத் திரும்பியது பற்றி. வீட்டுக்கு ஒரு செல்போன் இருந்த காலம், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். எங்கே போனாய் என்று கேட்க ஆள் இல்லை, இன்றைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் வாய்க்கவில்லை என்று உருகியிருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான். பலர் வழி கேட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே பாதையில் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

அந்த நாலு பேரில் ஒருத்தி செலின், எங்கள் எதிர் வீடு. (அவள் உண்மைப் பெயர் இதில்லை. பெயரை மாற்று, நடந்ததை மாற்றாதே என்றாள்.) கட்டுரையில் அவளைப் பற்றி ஒரே வரி: "ஏழாம் வகுப்போடு செலினுக்கு சைக்கிள் சலித்துவிட்டது, பிறகு நாங்கள் மூன்று பேர்தான்." ஏப்ரலில் அதற்குக் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. "சலிக்கவில்லை. உனக்கே தெரியும். ஊருக்கு வந்தால் கடைக்கு வா."

தெரியும்தான். ஜூன் இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினேன். பாதையைச் சரிபார்த்து எழுதப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

நான் இப்போது இருக்கும் கோவையில், உக்கடத்தில் காலை 5.20க்குப் பேருந்து. கட்டணம் 130 ரூபாய். "ஏனுங்க, திண்டுக்கல்லுங்களா? அப்பப் பின்னாடி போயிருங்க, பழனி எறங்கறவங்க முன்னாடி நிக்கட்டும்" என்றார் நடத்துநர். பழனியில் பதினைந்து நிமிடம் நிறுத்தம், டீ 12 ரூபாய், சுமார்தான். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் தக்காளிக் கூடையோடு ஏறியவர், "ஏலே, செத்த நவுந்து உக்காரு" என்று என் தோளைத் தள்ளினார். பேச்சிலேயே ஊர் வந்துவிட்டது. 9.35க்குத் திண்டுக்கல் பேருந்து நிலையம். எதிர்ச் சந்தில் அறை 700 ரூபாய். சுடுதண்ணீர் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சைக்கிளுக்குத்தான் அலைந்தேன். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் இப்போது கிடையாது. நாங்கள் எடுக்கும் கடை பஞ்சர் கடையாகியிருந்தது.

"வாடகையா? எந்தக் காலத்துல இருக்கீங்க" என்றார் கடைக்காரர். "ரிப்பேருக்கு விட்டுட்டு ஆறு மாசமா எடுக்காத வண்டி ஒண்ணு கெடக்கு. நூத்தம்பது குடுங்க. ஆதார வச்சிட்டுப் போங்க."

"முன்னாடியெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டீங்களேண்ணே."

"யார் சொன்னா? யாரு மகன்னு கேப்போம்ல. அதுக்கு ஆதார் பரவால்ல."

உண்மை. கடைக்காரர் கேள்வியே கேட்காமல் சைக்கிள் தருவார் என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். கேட்பார். அவருக்குப் பிடிக்காத தெருப் பெயரைச் சொன்ன பையன்களுக்கு எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது என்பார். நாங்கள் அவர்களைத் தாண்டி மணியடித்துக்கொண்டு போவோம். அவர்கள் ஏன் எப்போதும் நடந்தே போனார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முப்பத்திரண்டு வயதில் கட்டுரை எழுதும்போதும் தோன்றவில்லை.

10.20க்குப் புறப்பட்டேன். பழனி சாலையில் ரெட்டியார்சத்திரம் வரை 12 கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். லாரி அதிகம், நிழல் குறைவு. பிள்ளைகளைச் சைக்கிளில் இந்தச் சாலையில் கூட்டிப்போகாதீர்கள். ரெட்டியார்சத்திரம் வரை சைக்கிளை வண்டியில் ஏற்றிப் போய் இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே இடதுபுறம் பிரிந்தால் கன்னிவாடிக்கு 7 கிலோமீட்டர். மலை எதிரே வந்துகொண்டே இருக்கும், காற்றும் எதிர்க்காற்று. இளநீர் 40 ரூபாய். 11.55க்குக் கன்னிவாடி.

ஊரைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் அந்தத் தோட்டம். தொட்டி இருந்தது, உள்ளே காய்ந்த தென்னமட்டை கிடந்தது. நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார். போர் போட்டுச் சொட்டு நீர்க் குழாய் இழுத்து நாளாயிற்று என்றார்.

"சின்னப் பிள்ளையில இங்க வந்து குதிப்போம்க்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எங்க மாமனாரு அந்தா அந்த மரத்தடியில கட்டிலப் போட்டு உக்காந்திருப்பாரு. விடுற பிள்ளைகள விடுவாரு, வெரட்டுறத வெரட்டுவாரு." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கள விட்டிருக்காருன்னா, நீங்க யாரு மகன்?"

படம் எடுப்பதுபோல் போனைத் தூக்கிக்கொண்டேன். "யாரு மகன்" என்ற பேச்சு ஒரே நாளில் இரண்டாவது தடவை.

திரும்பும்போது உச்சி வெயில், அங்கங்கே நின்று நின்று வந்தேன். நகரத்துக்குள் நுழைய 3.15. குளித்துவிட்டு ஐந்து மணிக்குச் செலினின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"உக்காரு. ஆளு நிக்கிறாங்க, முடிச்சிட்டு வாரேன்" என்றாள். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, "தொப்பை போட்டுட்ட. சைக்கிள் ஓட்டுறவன் மாதிரியே இல்ல" என்றாள். பிறகு, "நீ சொல்லு. உனக்கு எம்புட்டு ஞாபகம் இருக்குன்னு பாக்கணும்."

எல்லாமே ஞாபகம் இருந்தது. இங்கேயும் எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பு விடுமுறை. அன்று கன்னிவாடிக்குக் கூப்பிட்டது நான். மற்ற நாட்களில் செலின் ரெட்டியார்சத்திரத்தோடு திரும்பிவிடுவாள். பயந்தாங்குளி என்று சீண்டிச் சீண்டி அவளையும் இழுத்துப் போனேன். திரும்பும்போது என் வாடகை சைக்கிள் பஞ்சர். மற்றவர்கள் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை, என்னோடு தள்ளிக்கொண்டே நடந்தார்கள். தெருமுனைக்கு வரும்போது எட்டேகால். என் அம்மா, செலினின் அப்பா, அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். என் அப்பாவின் கை பெல்ட்டில் இருந்தது. "யார்டா கூட்டிட்டுப் போனது?" என்று அம்மா கேட்டார்.

"செலின்தான் கூப்பிட்டா" என்றேன்.

பயத்தில் உளறினேன் என்று எழுதினால் எனக்கு வசதி. அது உளறல் கிடையாது. கூட இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் பெயரைச் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சேர்த்து அடி விழுந்திருக்கும். ஒரு பெண் பிள்ளையின் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்புவார்கள், என்னை மறந்துவிடுவார்கள். பன்னிரண்டு வயதிலேயே எனக்கு அது தெரிந்திருந்தது. அப்படியே நடந்தது. என் மேல் ஓர் அடி கூட விழவில்லை.

"நான் இல்ல, அவன்தான்னு கத்துனேன். எங்கப்பா காதுல ஏறல" என்றாள் செலின். அவளுடைய சிவப்பு லேடீஸ் சைக்கிள் மறுநாளே தம்பிக்குப் போனது. எட்டாம் வகுப்புக்கு சைக்கிளில் போகிற தூரத்துப் பள்ளி வேண்டாமென்று, அத்தை நடந்தே கொண்டுபோய் விடுகிற பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே பதினொன்றில் அறிவியல் பிரிவு இல்லை. அவள் லேப் டெக்னீசியன் ஆக ஆசைப்பட்டவள். இப்போது மற்றவர்களின் லேப் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளே சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் போகட்டும். ஜெனி ஆறாவது படிக்கிறா, சைக்கிள் கேக்குறா." ஜெனி அவள் மகள். கணவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் தாயும் மகளும் செலினின் அப்பா வீட்டில்தான் இருக்கிறார்கள். "எங்கப்பா விட மாட்டேங்கிறாரு. உங்கம்மாளுக்குச் சைக்கிளக் குடுத்து நான் பட்டது போதும், பொய்க்காரி, ஊர் சுத்திட்டு வந்து அடுத்தவன் மேல பழியப் போட்டாங்கிறாரு. எம் மககிட்டயே இப்படிச் சொல்றாரு."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அத உன் ப்ளாக்குல போட்டுக்க. எனக்கு ஒரு வேலை செய்யி. நாளைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சு அப்பா வீட்ல இருப்பாரு. வந்து அவருகிட்டச் சொல்லு. அம்புட்டுதான்."

ஞாயிறு காலை 10.40க்குப் போனேன். செலினின் அப்பா சிமெண்ட் கடை வைத்திருந்தவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "வாப்பு. கோயமுத்தூர்ல இருக்கியாமே. அம்மா நல்லா இருக்கா?" என்றார். செலின் அடுப்படி வாசலில் நின்றாள். ஜெனி தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அன்னைக்குக் கன்னிவாடிக்குக் கூப்பிட்டது நான். செலின் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

எந்த அன்னைக்கு என்று அவர் கேட்கவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"தெரியும்ப்பு."

"என்ன தெரியும்?" என்றாள் செலின்.

"இவன்தான் இழுத்துட்டுப் போயிருப்பான்னு. ஒனக்கு அந்த வழியே தெரியாதே."

"அப்ப என்னைய எதுக்குப்பா?"

"தெருவே நிக்குது. எட்டு மணிக்குப் பொம்பளப் பிள்ள மூணு பயலுகளோட வர்றா. பொய் சொல்றான்னு இவனப் பிடிச்சு அடிச்சாலும் ஒன்னையத்தான் பேசுவாய்ங்க. சைக்கிள நிப்பாட்டுனா வாய மூடுவாய்ங்க. அன்னைக்கி அது இல்லேன்னா அடுத்த மாசம் வேற ஒண்ணு வந்திருக்கும்."

"நிப்பாட்டுனீங்க, சரி. இத்தன வருசமா என்னைய ஏன் பொய்க்காரின்னீங்க?"

அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொல்லிச் சொல்லி அப்படியே வந்திருச்சு."

முழுப் பாவத்தையும் நான்தான் சுமந்து வந்திருக்கிறேன் என்ற நினைப்பில் அந்த வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். அதிலும் ஒரு திமிர் இருந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, நான் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது என்னவென்று தெரிந்தே கொடுத்தேன். அதனால் என் பங்கு ஒரு துளியும் குறையவில்லை.

செலின் அழவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம ஜெனிக்கு சைக்கிள் எடுக்கிறோம். நீங்களும் கடைக்கு வர்றீங்க" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கு மூணு கிலோமீட்டரு லாரி ரோடுடி."

"அது நெசமான காரணம். அதப் பேசலாம், வேற வழி இருக்கான்னு பாக்கலாம். பழசப் பேசாதீங்க."

அவர் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜெனி பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டுத் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் உட்கார முடியாமல் நான் எழுந்துவிட்டேன்.

வாசலில் செலினிடம், அந்தக் கட்டுரையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எடுத்துட்டா நீ நல்லவனாயிருவ. கெடக்கட்டும். அந்த வரிய மட்டும் மாத்து." மாற்றிவிட்டேன். இப்போது அங்கே இப்படி இருக்கிறது: "ஏழாம் வகுப்போடு செலினின் சைக்கிளைப் பிடுங்கிவிட்டார்கள். நான் சொன்ன பொய் அதற்குச் சாக்கானது."

இனி, போக நினைப்பவர்களுக்கு. உக்கடத்தில் முதல் பேருந்தைப் பிடித்தால்தான் வெயிலுக்கு முன் சேரலாம். ஜூலைக்கு மேல் காற்று இன்னும் பலம் என்றார் பஞ்சர் கடைக்காரர். அந்தத் தோட்டம் வரை போக வர 41 கிலோமீட்டர். கன்னிவாடிக்குப் பிறகு பஞ்சர் கடை கண்ணில் படவில்லை, பம்பும் ஒட்டுச் சாமானும் கொண்டுபோங்கள். தோட்டங்களுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், தொட்டியில் தண்ணீர் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். இரண்டு நாளுக்கு ஆளுக்கு 1,600 ரூபாய் போதும். அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு சுதந்திரமாக இருந்தோம் தெரியுமா என்று வழியில் பிள்ளைகளிடம் சொல்லத் தோன்றினால், அந்த "நாங்கள்" யார் யார் என்று முதலில் பெயர் பெயராக எண்ணிப் பாருங்கள். விட்டுப்போன பெயர் இருந்தால் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். என்னைப் போல அவள் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள்.

செலின் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. அவள் அப்பா கடைக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். ஜெனி சைக்கிள் ஓட்டுகிறாள் என்ற பதில் வந்தால் அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்குவேன், அதற்காகத்தான் கேட்கப் பார்க்கிறேன் என்று புரிந்தது. போனை வைத்துவிட்டேன்.