வெப்ப நிகழ்வுக்கு அழைத்த வாரம்

1. சர்க்குலர்

அரியலூரில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் கஸ்டமர் கேர் பார்த்தவள் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு வாரத்தை மட்டும் எழுதி வைக்கிறேன்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து சர்க்குலர் வந்தது. ஒரு மாடலில் பேட்டரி கனெக்டர் சரியில்லை, சார்ஜ் போடும்போது சூடேறித் தீப்பிடிக்கலாம், விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் இப்படி ஒளிவுமறைவில்லாமல் சொன்ன சர்க்குலர், அடுத்த பக்கத்தில் எங்கள் வாய்க்குப் பூட்டுப் போட்டது. வாடிக்கையாளரிடம் ‘தீ’, ‘ரீகால்’ என்ற சொற்கள் கூடாது. ‘வெப்ப நிகழ்வு’ என்று சொல்லலாம். போன் பேச்செல்லாம் ரெக்கார்ட் ஆகும்.

எங்கள் மேனேஜர் அதை இன்னும் மெருகேற்றினார்.

“நிகழ்வுன்னாலும் பயந்துக்குவாங்கம்மா. ‘இலவச செக்கப் கேம்ப்’னு சொல்லுங்க. குரல்ல ஒரு சந்தோஷம் இருக்கணும்.”

சந்தோஷமாகவே கூப்பிட்டேன். சர்வீஸுக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் குறையை எழுதி ஒரு ஜாப் கார்டு போடுவோம்; இரண்டு நாளில் விழுந்தது மூன்றே கார்டு. இலவசம் என்றால் நம் ஊர்க்காரர்கள் உஷாராகிவிடுவார்கள். உள்ளே போனால் ஏதாவது ஒரு பார்ட்டைத் தலையில் கட்டிவிடுவோம் என்று பயம். அந்தப் பெயரை நாங்களே உழைத்துச் சம்பாதித்திருந்தோம். சரி, கொஞ்சம் உண்மையைக் கலக்கலாம் என்று திருமானூர் வாத்தியார் ஒருவரிடம் ‘வெப்ப நிகழ்வு’ என்றேன். “எந்த மண்டபத்துலம்மா?” என்று கேட்டார்.

2. பருத்தி ரூம்

புதன்கிழமை மதியம் செந்துறைப் பக்கத்து விவசாயி செல்வராசு போனை எடுத்தார்.

“பருத்தி எடுத்துக்கிட்டு இருக்கோம்மா, இப்பதான் சோறு திங்க வூட்டுக்கு வந்தேன். செக்கப்புக்கெல்லாம் இப்ப வர முடியாது. வண்டி நல்லாத்தான் ஓடுது.”

“சார்ஜ் எங்கங்க போடுறீங்க?”

“பருத்தி மூட்டை கெடக்குற ரூம்புலதான். இப்பக்கூட போட்டிருக்கு. பேரப்புள்ளைங்க ரெண்டும் மூட்டை மேலதான் படுத்துத் தூங்குதுவோ.”

சந்தோஷக் குரல் போன இடம் தெரியவில்லை.

“ஐயா, அந்த வண்டி தீப்பிடிக்குங்க. மெயின் சுவிட்ச அணைச்சிட்டுப் புள்ளைங்கள வெளிய தூக்கிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். பிள்ளைகள் சிணுங்குவது கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“பிளக்குல கைய வைக்க முடியலம்மா, அம்புட்டுச் சூடு,” என்றார் திரும்பி வந்து. “இத மொத வார்த்தையா சொல்ல மாட்டீங்களா?”

மன்னிப்புக் கேட்டுவிட்டு, வண்டியை ஓட்டாமல் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பச் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் வண்டி லோடு ஆட்டோவில் வந்தது. கழற்றிப் பார்த்தால் கனெக்டரின் பிளாஸ்டிக் பாதி உருகியிருந்தது. அவர் சொல்லிக் கிளம்பிய ஊர்க்காரர்களின் வண்டிகள் பதினொன்று பின்னாலேயே வந்து வரிசை கட்டி நின்றன.

3. மெமோ

அன்று சாயங்காலம், போன் ரெக்கார்டைக் கேட்ட மேனேஜரிடமிருந்து எனக்கு மெமோ கிடைத்தது. தடை செய்யப்பட்ட சொல்லைப் பயன்படுத்தி வாடிக்கையாளரிடம் பீதியை உண்டாக்கியதற்கு விளக்கம் வேண்டுமாம். மெமோவில்கூட அந்தச் சொல் இல்லை, ‘மேற்படி சொல்’ என்றுதான் இருந்தது.

விளக்கத்தில் எத்தனை வண்டி வந்தது என்று எழுதுவதற்காக ஜாப் கார்டுக் கட்டைப் பிரித்தேன். முதல் கார்டு திங்கட்கிழமையே, சர்க்குலர் வந்த ஒரு மணி நேரத்தில் போட்டது. நான் கூப்பிடாமலே வந்த வண்டி, மேனேஜரின் மனைவி பெயரில் இருந்தது. ‘குறை’ என்ற கட்டத்தில் மேனேஜரே தன் கைப்பட எழுதியிருந்தார்: ‘தீப்பிடிக்கும். அர்ஜென்ட்.’

அவர் வீட்டுக்குத் தீ, செந்துறைக்குக் கேம்ப். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கார்டை ஜெராக்ஸ் எடுத்து விளக்கத்தோடு பின் அடித்து அவரிடமே கொடுத்தேன். விளக்கம் ஒரே வரி: ‘மேற்படி சொல்லை முதலில் பயன்படுத்தியது நான் அல்ல.’

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரே போனை எடுத்து, கல்லங்குறிச்சிக்காரர் ஒருவரிடம், “சார், உங்க வண்டி தீப்பிடிக்கலாமுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் சந்தோஷமே இல்லை.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்று குழப்பம் வந்தால் சர்க்குலரைப் புரட்டாதீர்கள். மேலே இருப்பவர் தன் வீட்டு வண்டிக்கு என்ன எழுதினார் என்று ஜாப் கார்டைப் பாருங்கள்.