இருவருக்கும் ஆஃப் விழுந்த ஞாயிறு

எனக்குச் சுரங்கத்தில் ஷிப்ட். மனைவி நர்ஸ், அவளுக்கும் ஷிப்ட். சுரங்கத்தில் அடுத்த ஆள் வந்து எதிரில் நின்று, எந்த மிஷின் ஓடுகிறது, எதில் கோளாறு என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நாம் இடத்தைவிட்டு நகரலாம். எங்கள் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளையும் அப்படித்தான் ஒப்படைப்போம். "பெரியவன் சாப்ட்டான், சின்னதுக்குச் சளி" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு நான் வண்டியை எடுப்பேன். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆஃப் விழுவது அபூர்வம். அப்படி விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது வயது மகனையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய தாவரத் தோட்டத்துக்குப் போனோம். முந்தின நாள்தான் நைட் ஷிப்ட் முடித்திருந்தேன். தூக்கம் கண்ணைவிட்டுப் போகவில்லை. உள்ளே எந்தப் பாதையில் திரும்பினாலும் அதே பனை வகைகள், அதே சிமெண்ட் பெஞ்சு. வந்த வழியிலேயே மறுபடி வருகிறோமா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

"இது என்ன மரம்ப்பா?" என்று மகன் கேட்டுக்கொண்டே வந்தான்.

"போர்டைப் படிடா" என்று எரிந்து விழுந்தேன். போர்டில் இருந்த பெயர் எனக்கும் வாயில் நுழையவில்லை.

மகள் ஒரு நாகலிங்க மரத்தடியில் உட்கார்ந்து உதிர்ந்த பூக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். எனக்கு டீ குடித்தால் தேவலை என்றிருந்தது. சற்றுத் தள்ளி மகனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம், "சின்னதப் பாத்துக்க" என்று குரல் கொடுத்தேன். அவள் தலையாட்டினாள். நான் நடந்தேன்.

டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது தாமரைக் குளத்தருகே அவளும் மகனும் எதிரில் வந்தார்கள். "சின்னது எங்க?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"உங்ககிட்டதானங்க இருந்தா?"

"உங்கிட்ட சொல்லிட்டுதான போனேன்? நீ தலையாட்டுனியே!"

"அது இவன் இன்னும் கொஞ்சம் தண்ணி வேணும்னான், அதுக்குங்க."

குளமோ பக்கத்திலேயே இருந்தது. அப்படியும் ஓடித் தேடாமல், யார் பொறுப்பில் இருந்தாள் என்று நின்று சண்டை போட்டோம். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எந்த மரம் என்று தெரியும், எந்தப் பாதை என்று தெரியவில்லை. நான் ஒரு பக்கம் காட்டினேன், அவள் இன்னொரு பக்கம் காட்டினாள். இரண்டிலும் ஓடினோம். மூங்கில் புதருக்கு அப்பால் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார்.

"பூ வச்சிகினு ஒரு பொண்ணு, அதுங்களா? அதோ அந்த மரத்தாண்ட உக்காந்துகினு இருக்குதுங்க. கூப்ட்டுப் பாத்தேன், வரமாட்டேன்னுடுச்சு."

அதே மரத்தடி. மகள் அழவில்லை. மடி நிறையப் பூவோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி அழுதுகொண்டே அவளை வாரி எடுத்தாள்.

"அந்த ஆன்ட்டி கூப்ட்டப்ப ஏண்டி போகல?"

"அப்பா போயாச்சு. நீ இன்னும் வரல. ஆள் வர்ற வரைக்கும் நகரக் கூடாதுல்ல?" என்றாள் மகள்.

அவள் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, பூக்களை மறுபடி பொறுக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப யாரு டூட்டி?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.