குடத்துக்கு மட்டும் பெல்ட்: உசிலம்பட்டிக்கு ஒரு சீர்ப் பயணம்

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் என் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் சீர் கொண்டுபோக வேண்டியவன் நான். மதுரை கோரிப்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். போக வர வேன் வாடகை ஆயிரத்து நூறு ரூபாய், டீசலும் அதில் அடக்கம். சீரோடும் குழந்தையோடும் வண்டி எடுக்கப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு வேன் வந்தது. ஓட்டுநர் காஜா பாய், நிதானமான மனிதர். ஏறியது நான், மனைவி செல்வி, நான்கு வயது மகள் யாழினி, சித்தப்பா. முறை தவறக்கூடாது என்று எங்கள் வீட்டில் காவல் நிற்கிறவர் சித்தப்பா. சீர்தான் முதலில் ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும், நடுவில் சாயக்கூடாது. பச்சரிசி நிரப்பிய பித்தளைக் குடத்தை முன் சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டை மாட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் வந்தார்.

“மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கு,” என்று சிரித்தார் பாய். “பின்னாடியும் பெல்ட் இருக்கு தம்பி. புது சீட் கவருக்கு அடியில மாட்டிக்கிருச்சு. அஞ்சு நிமிசம் குடுங்க, எடுத்துர்றேன்.”

“இந்தா இருக்கு உசிலம்பட்டி, அதுக்குப் போயி எதுக்கு பாய்?” என்றேன். ஒன்பது மணி முகூர்த்தம்தான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழேகாலுக்குச் செக்கானூரணியில் டீ குடித்தோம். இஞ்சி தட்டிப் போட்டது, மூன்று ரூபாய், அருமை. திரும்ப ஏறும்போது பக்கவாட்டு இழுவைக் கதவை நான்தான் சாத்தினேன். கதவடியில் வைத்திருந்த சீர் வாழைத்தாரைச் சுற்றிய சாக்கின் மூலை அதில் சிக்கியதை நான் கவனிக்கவில்லை.

“சத்தம் சரியில்லையே தம்பி, ஒருக்கா தொறந்து சாத்துங்க.”

“அதெல்லாம் சாத்தியாச்சு, போங்க பாய்.” என் அவசரப்புத்தி ஊரறிந்தது.

வாலாந்தூர் தாண்டி ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வண்டி நின்றது. ஆடுகள் போனதும் கிளம்பி வலப்பக்கம் வளைந்தது. கதவு கடகடவென்று பின்னால் ஓடியது. அதில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த யாழினி வெளியே சரிந்தாள். செல்வி பிள்ளையின் பாவாடையை எட்டிப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். ஒரு செருப்பு மட்டும் ரோட்டில் விழுந்தது.

பிள்ளை பயந்து அழுதாள். முன் சீட்டில் குடம் ஒரு மணி அரிசிகூடச் சிந்தாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பாய் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, செருப்பை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். “இப்பயாச்சும் அஞ்சு நிமிசம் குடுப்பீகளா தம்பி?”

இருபது நிமிடம் ஆனது. கவரின் கொக்கிகளைக் கழற்றி பெல்ட்டுகளை வெளியே எடுத்தோம். யாழினியைக் கதவோரத்திலிருந்து நடுவில் மாற்றி, வயிற்றுக்குக் கீழே இடுப்போடு இறுக்கினோம். கதவு விளிம்பில் இருந்த சின்ன விசையை பாய் தட்டிவிட்டார். அதைப் போட்டுவிட்டால் உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறக்காது.

உசிலம்பட்டி சேர்ந்தபோது மணி எட்டரை. முகூர்த்தத்துக்கு முழுசாக அரை மணி நேரம் மிச்சம்! மருமகன் என் மடியில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்க அழுதான். கறிச்சோறு பிரமாதம், மனசும் நிறைந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், வண்டி வந்ததுமே பெல்ட் சீட் கவருக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கதவடியில் மூட்டை வைக்காதீர்கள். சாத்திய பிறகு உள்ளிருந்து ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஓட்டுநர் திரும்பச் சாத்தச் சொன்னால் வாயாடாமல் சாத்துங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அக்கா வீட்டு வாசலில் மேளம் முழங்க, சீரை இறக்க ஆட்கள் முன் கதவுக்கு ஓடி வந்தார்கள். சித்தப்பா கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சீரு இருக்கட்டும். மொதல்ல பிள்ளைய எறக்குடா.”